ஊரில்லாத துறவியின் திருநாட்கள்

பொங்கல் நெருங்கினால், பிழைப்புக்காக வெளியூர் போனவர்கள் ஊர் திரும்புவார்கள். கள்ளக்குறிச்சிப் பக்கத்து நைனார்பாளையம் போன்ற ஊர்களில் மார்கழி முடிவதற்குள் வீடுகள் நிறைந்துவிடும். திருநாள் என்றால் சொந்த ஊர். சொந்த ஊர் என்றால் தாய் வீடு.

தாயைப் பிரிந்து, வீட்டைத் துறந்து, ஊர் ஊராக நடந்த ஒருவருக்குத் திருநாள் ஏது?

உண்டு! சுவாமி விவேகானந்தருக்கு மார்கழியும் தையும் பெரும்பாலும் வழியிலேயே வந்தன. அவருடைய வாழ்வின் பெரிய திருப்பங்கள் பலவும் அந்த நாட்களிலேயே வந்தன.

சங்கராந்திப் பிள்ளை

1863ஆம் ஆண்டு ஜனவரி 12ந் தேதி அவர் கல்கத்தாவில் பிறந்தார். அன்று மகர சங்கராந்தி. அதாவது, நமது பொங்கல் திருநாள். சூரியன் மகர ராசியில் புகும் நாள் காலப்போக்கில் மெல்லத் தள்ளிப்போகிறது. அதனால்தான் அன்று ஜனவரி 12ல் வந்த சங்கராந்தி, இப்போது 14, 15ந் தேதிகளில் வருகிறது.

தந்தை விசுவநாத தத்தர் பெயர் பெற்ற வக்கீல். தாய் புவனேசுவரி தேவி. பிள்ளைக்கு நரேந்திரநாதன் என்று பெயரிட்டார்கள். வங்காளத்தில் சங்கராந்தி அன்று அரிசி மாவும் தேங்காயும் ஈச்ச வெல்லமும் சேர்த்துப் பலகாரம் செய்வார்கள். அந்த மணத்தில் வளர்ந்த செல்லப்பிள்ளை அவர்.

1884ல் தந்தை திடீரென்று இறந்தார். கடன்காரர்கள் வந்தார்கள். உறவினர்கள் வீட்டுக்காக வழக்குப் போட்டார்கள். பட்டம் பெற்ற நரேந்திரன் வேலை தேடி வெயிலில் அலைந்தார். வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாட்களில், வெளியே விருந்து இருப்பதாகத் தாயிடம் சொல்லிவிட்டுப் பட்டினியாகத் திரிந்தார். தம்பி தங்கையருக்கு ஒரு பிடி கூடக் கிடைக்கட்டும் என்பதே அவர் எண்ணம்.

நெருப்பைச் சுற்றி ஒன்பது பேர்

1886 ஆகஸ்டு 16ந் தேதி, குருவான ராமகிருஷ்ண பரமகம்சரும் மறைந்தார். இளஞ்சீடர்கள் வராகநகரில் ஒரு பாழடைந்த வீட்டில் தங்கினார்கள். அந்த டிசம்பரில், பாபுராம் என்ற சீடரின் தாயார் எல்லோரையும் ஆண்ட்பூரில் உள்ள தம் வீட்டுக்கு அழைத்தார்.

டிசம்பர் 24ந் தேதி இரவு. வானம் பார்த்த முற்றம். நல்ல குளிர். நெருப்பு மூட்டி ஒன்பது இளைஞர்கள் சுற்றி அமர்ந்தார்கள். நரேந்திரன் இயேசு நாதரின் கதையைச் சொன்னார். தலை சாய்க்க இடமின்றி ஊர் ஊராக நடந்தவரின் கதை அது. கேட்டவர்கள் உருகினார்கள். அந்த நெருப்பின் முன்பாகவே, உலகத்தைத் துறப்பதென்று எல்லோரும் உறுதி எடுத்தார்கள்.

அன்று கிறிஸ்துமசுக்கு முந்திய இரவு என்பது அவர்களுக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது!

அந்த ஒன்பது பேரில் சசி என்பவரும் ஒருவர். அவரே பிற்காலத்தில் ராமகிருஷ்ணானந்தர் என்ற பெயருடன் சென்னைக்கு வந்து, ராமகிருஷ்ண மடத்தை நிறுவியவர்.

குமரி முனையில்

பிறகு பல ஆண்டுகள் அவர் நாடோடித் துறவியாக நடந்தார். கையில் ஒரு தடி, ஒரு கமண்டலம், இரண்டு புத்தகங்கள். ஒன்று பகவத் கீதை. மற்றொன்று, கிறிஸ்து காட்டிய வழியில் வாழ்வதைப் பற்றித் தாமஸ் கெம்பிஸ் எழுதிய நூல். யாராவது கொடுத்தால் சோறு. இல்லாவிட்டால் பட்டினி.

1892 டிசம்பரில் திருவனந்தபுரம் வந்தார். பேராசிரியர் சுந்தரராம ஐயர் வீட்டில் ஒன்பது நாள் தங்கினார். அங்கிருந்து கன்னியாகுமரி சென்றார். குமரி அம்மனை வணங்கிவிட்டுக் கடலைப் பார்த்தார். நீருக்கு நடுவே ஒரு பாறை தெரிந்தது. படகுக்குக் கொடுக்கக் கையில் காசில்லாமல் நீந்தியே போனார் என்பது வழங்கிவரும் வரலாறு.

டிசம்பர் 25, 26, 27. உலகின் பல பாகங்களில் கிறிஸ்துமஸ் விருந்து நடந்த நாட்கள். தமிழ்நாட்டுக் கோவில்களில் மார்கழிப் பூசை நடந்த நாட்கள். அவர் பாறையில் தனியாக அமர்ந்திருந்தார். தாம் நடந்து வந்த வழியெல்லாம் கண்ட ஏழைகளின் முகங்கள் அவர் நெஞ்சில் எழுந்தன. அவர்களுக்குச் சோறும் கல்வியும் கிடைக்க வழி தேட வேண்டும் என்று தீர்மானித்தார். அந்தப் பாறையில்தான் 1970ல் நினைவு மண்டபம் திறக்கப்பட்டது.

கதவு திறந்த வீடு

சென்னையில் அளசிங்கப் பெருமாள் என்ற பள்ளி ஆசிரியர் வீடு வீடாகப் பணம் திரட்டினார். 1893 மே 31ந் தேதி சுவாமி கப்பல் ஏறினார். சிகாகோவில் கையில் இருந்த முகவரி தொலைந்தது. ரயில் சரக்கு நிலையத்தில் கிடந்த ஒரு காலிப் பெட்டியில் இரவைக் கழித்தார். காலையில் உதவி கேட்டுப் போன வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். களைத்துத் தெருவோரம் உட்கார்ந்தார். எதிர் வீட்டுக் கதவு திறந்தது. திருமதி ஹேல் என்ற அம்மையார் உள்ளே அழைத்து உணவு கொடுத்தார்.

செப்டம்பர் 11ந் தேதி பேசிய பேச்சால் அவர் புகழ் பரவியது. ஆனால் அவர் ஹேல் குடும்பத்தை மறக்கவில்லை. அந்த அம்மையாரைத் தாயாகவும் அவ்வீட்டுப் பெண்களைத் தங்கைகளாகவும் கொண்டார். கிறிஸ்துமஸ் கழிந்த மூன்றாம் நாள், அந்த வீட்டு முகவரியிட்டு இந்திய நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். அந்நாட்டுப் பெண்களின் அன்பை அதில் போற்றினார். நம் ஏழைகளை எண்ணி வருந்தினார்.

ராமேசுவரத்தில் ஒரு விருந்து

1896 கிறிஸ்துமஸ் அன்று அவர் ரோமாபுரியில் இருந்தார். செவியர் என்ற ஆங்கிலேயத் தம்பதியுடன் புனித பேதுரு பேராலயப் பூசைக்குப் போனார். தலை சாய்க்க இடமில்லாதவரின் பிறந்த நாளுக்கு இத்தனை ஆடம்பரமா என்று அவர் மனம் சங்கடப்பட்டது.

டிசம்பர் 30ந் தேதி நேப்பிள்சில் கப்பல் ஏறினார். 34 வயது நிறைந்த நாள் கடல் மேல் கழிந்தது. ஜனவரி 15ந் தேதி கொழும்பில் இறங்கினார். 26ந் தேதி பாம்பன். சேதுபதி மன்னர் பாஸ்கரர் எதிர்கொண்டு வரவேற்றார்.

மறுநாள் ராமேசுவரம் கோவிலில் சுவாமி பேசினார். ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்பதே மெய்யான பூசை என்று விளக்கினார். மன்னர் அதைக் கேட்டதோடு நிற்கவில்லை. அடுத்த நாளே ஆயிரக்கணக்கான ஏழைகளுக்குச் சோறும் துணியும் கொடுத்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன் குமரிப் பாறையில் பிறந்த எண்ணம், தை மாதத்தில் இலை போட்டுப் பரிமாறப்பட்டது!

சென்னையில் அவர் ஒன்பது நாள் தங்கிய இடம் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய கட்டிடம் அது. அமெரிக்கப் பனியில் நடுங்கியவருக்கு அங்கே இடம் கிடைத்தது வேடிக்கைதான்.

பூட்டிய கதவு

1900 டிசம்பர் 9ந் தேதி இரவு. இரண்டாம் வெளிநாட்டுப் பயணம் முடிந்து, சொல்லாமல் பேலூர் மடத்துக்கு வந்தார். கதவு பூட்டியிருந்தது. உள்ளே சாப்பாட்டு மணி அடித்தது. தாமதித்தால் சோறு தீர்ந்துவிடுமே! கதவின் மேல் ஏறிக் குதித்து உள்ளே போனார். அரிசியும் பருப்பும் குழைந்த கிச்சடியை ஆசையோடு சாப்பிட்டார்.

ஆனால் அங்கேயும் அவர் நிலைக்கவில்லை. ரோமில் உடன் இருந்த செவியர், இமயமலையில் மாயாவதி ஆசிரமத்தில் இறந்திருந்தார். திருமதி செவியருக்கு ஆறுதல் சொல்ல, டிசம்பர் 27ந் தேதி புறப்பட்டார். உடல் நலிந்திருந்தது. மலையில் பனி கொட்டியது. புத்தாண்டு வழியிலேயே பிறந்தது. ஜனவரி 3ந் தேதி போய்ச் சேர்ந்தார்.

1902 ஜூலை 4ந் தேதி அவர் மறைந்தார். வயது 39தான்.

இன்றும் டிசம்பர் 24ந் தேதி மாலை, ராமகிருஷ்ண மடங்களில் மரியன்னையும் குழந்தை இயேசுவும் உள்ள படத்தை அலங்கரித்து வழிபடுகிறார்கள். ஆண்ட்பூர் நெருப்பு அணையவில்லை.

திருநாளில் ஊர் வந்து சேராதவர்கள் எப்போதும் உண்டு. லாரி ஓட்டுகிறவர், காவல் நிற்கிறவர், வேற்றூரில் கூலி வேலை செய்கிறவர். அவர்களுக்கு எங்கோ ஒரு வீட்டின் கதவு திறக்க வேண்டும். பொங்கல் அன்று நம் வீட்டில் ஓர் இலை கூடப் போட்டால், அதுவே சங்கராந்தியில் பிறந்த அந்தத் துறவிக்கு நாம் செய்யும் பூசை.