சிறையிலிருந்து வெளியே வந்த வ.உ.சி.



வ.உ.சி.ன்னு சொன்னதும் நமக்கு ரெண்டு விஷயம்தான் ஞாபகம் வரும். கப்பல் விட்டார், செக்கு இழுத்தார். தமிழ்ப்பள்ளிப் பேச்சுப் போட்டியில் இதோடு பேச்சை முடித்து, கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவோம். ஆனால் சிறையிலிருந்து வெளியே வந்தபோது அவருக்கு வயது 40தான். அதற்குப் பிறகும் 24 வருஷம் வாழ்ந்தார். அந்த 24 வருஷத்தைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வ.உ.சிதம்பரம் பிள்ளை 1872 செப்டம்பர் 5-ஆம் தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். சட்டம் படித்து வக்கீலானார். ஏழைகளின் வழக்குகளை எடுத்து வாதாடினார். 1906-இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் ஓட்டினார். 1908-இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றார். அதே வருஷம் மார்ச் 12-ஆம் தேதி கைதானார். ஜூலையில் தீர்ப்பு வந்தது. இரட்டை ஆயுள் தண்டனை, மொத்தம் 40 வருஷம். அதைக் கேட்ட அவருடைய தம்பி மீனாட்சிசுந்தரத்துக்கு மனநிலையே பாதிக்கப்பட்டுவிட்டது. மேல்முறையீட்டில்தான் தண்டனை குறைந்தது.

கோயம்புத்தூர் சிறையில் அவருக்குக் கொடுத்த முதல் வேலை சணல் கிழிக்கும் யந்திரத்தைச் சுற்றுவது. கைத்தோல் உரிந்து ரத்தம் வந்தது. அப்புறம்தான் செக்கு. பிறகு கண்ணனூர் சிறைக்கு மாற்றினார்கள். சிறைக் காலத்தில் அவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. கூட இருந்த கைதிகளுக்கு நீதி நூல்களைச் சொல்லிக் கொடுத்தார். ஜேம்ஸ் ஆலன் எழுதிய புத்தகத்தை 'மனம்போல வாழ்வு' என்று தமிழாக்கினார். சிறைக்குள்ளே அவர் உடைந்து போகவில்லை என்பதற்கு இதெல்லாம் சாட்சி.

1912 டிசம்பரில் விடுதலை. ஆயிரக்கணக்கான பேர் அவர் பேச்சைக் கேட்கக் கூடிய காலம் போய், சிறை வாசலில் காத்திருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். அவர்களில் ஒருவர் சுப்பிரமணிய சிவா, அவரும் தண்டனை அனுபவித்தவர், தொழுநோயால் அவதிப்பட்டுக்கொண்டிருந்தவர். கப்பல் கம்பெனி ஏற்கெனவே மூடப்பட்டிருந்தது. அதைவிடப் பெரிய அடி, தண்டனை பெற்றவர் என்பதால் வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. தெரிந்த ஒரே தொழிலைச் செய்ய அனுமதி இல்லை. மனைவி மீனாட்சி அம்மாளோடும் பிள்ளைகளோடும் சென்னையில் வந்து தங்கி, அரிசியும் மண்ணெண்ணெயும் விற்றார். வீட்டில் பல நாள் கஷ்டம்தான்.

அப்போது கைகொடுத்தவர்களில் தென்னாப்பிரிக்கத் தமிழர்களும் உண்டு. நம் தாத்தா பாட்டி மாதிரியே கடல் கடந்து பிழைக்கப் போனவர்கள். அவர்கள் அவருக்காகக் கொடுத்த பணம் காந்தியின் வழியாக, பல கடிதங்களுக்குப் பிறகு 1916-இல்தான் வந்து சேர்ந்தது. மொத்தம் 347 ரூபாய் 12 அணா. அந்தக் குடும்பத்துக்கு அப்போது அது பெரிய தொகை.

இன்னொருவர் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி. முன்பு திருநெல்வேலியில் வேலை பார்த்தவர், வ.உ.சி.யை அறிந்தவர். சன்னது திரும்பக் கிடைக்க அவர் உதவினார். அந்த நன்றியை மறக்காமல் வ.உ.சி. தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்துக் கப்பல் விட்டவர், ஓர் ஆங்கிலேயர் பெயரைத் தன் பிள்ளைக்கு வைத்தார் என்றால், அந்த உதவி எவ்வளவு பெரியதாக இருந்திருக்கும்!

பிறகு கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் மறுபடி வக்கீலாக இருந்தார். தொல்காப்பியத்தைப் பதிப்பித்தார். சிவஞானபோதத்துக்கு உரை எழுதி 1935-இல் வெளியிட்டார். 1936 நவம்பர் 18-ஆம் தேதி காலமானார். சன்னது கிடைத்த பிறகும் அவர் பணக்காரராகவில்லை. ஆனால் தன் தொழிலைச் செய்து, தலைநிமிர்ந்து வாழ்ந்தார்.

இதை ஏன் இப்போது சொல்கிறேன்? நம் ஜொகூரில் சிம்பாங் ரெங்கம், குளுவாங் சிறைகளிலிருந்து நம் பிள்ளைகளும் வெளியே வருகிறார்கள். அவர்கள் வ.உ.சி. இல்லை. அவர் நாட்டுக்காகப் போனவர், இவர்களில் பலர் போதைக்கும் கேங்குக்கும் போனவர்கள். அவர்களால் பாதிக்கப்பட்ட குடும்பங்களும் நம் தாமானில்தான் இருக்கின்றன. அந்த வலியை மறைக்க வேண்டாம். ஆனால் வெளியே வந்ததும் படும் பாடு ஒன்றுதான்: வேலை இல்லை, கையில் காசு இல்லை, பெயரோடு ஒட்டிக்கொண்ட முத்திரை.

சட்டம் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2008 முதல் நம் நாட்டில் பரோல் உண்டு. தண்டனையின் கடைசிப் பகுதியை அதிகாரியின் கண்காணிப்பில், வெளியே வேலை செய்தபடி கழிக்கலாம். சிறு குற்றமென்றால், 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சிறைக்குப் பதிலாக 3 மாதம் வரை தினமும் 4 மணி நேரத்துக்கு மிகாமல் வேலை செய்ய நீதிமன்றம் உத்தரவிடலாம். போதையிலிருந்து மீள சிகிச்சையும் அதற்குப் பிறகு கண்காணிப்பும் ஏஏடிகே வழியாக உண்டு.

இவ்வளவும் இருந்தும், பரோல் அதிகாரி ஒருவரால் வேலை போட்டுக் கொடுக்க முடியாது. பட்டறை முதலாளி மனசு வைக்க வேண்டும். வீட்டு வாடகைக்கு ஒருவர் சரி சொல்ல வேண்டும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடும்போது, அவனையா சேர்த்தீங்கன்னு யாரும் முணுமுணுக்காமல் இருக்க வேண்டும். கொள்ளைக்காரர் ஒருவர் வால்மீகி முனிவர் ஆனார்னு சமய வகுப்பில் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறோம். பக்கத்து வீட்டுப் பையன் திரும்பி வந்தால் கதவைச் சாத்துகிறோம். இது சரியா?

நம் இளைஞர் மன்றங்களால் முடிந்தது நிறைய உண்டு. தெரிந்த பட்டறைகளில் பேசி வைக்கலாம். வெல்டிங், வயரிங் எஸ்.கே.எம். சான்றிதழுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கலாம். முதல் இன்டர்வியூக்குக் கூடவே போகலாம். பழைய கூட்டாளிகள் கூப்பிடும் சனிக்கிழமை ராத்திரி, நாமும் ஃபுட்சால் ஆடக் கூப்பிடலாம்.

வரும் செப்டம்பர் 5-ஆம் தேதி வ.உ.சி. படத்துக்கு மாலை போடும்போது, அவர் செக்கு இழுத்ததை மட்டும் நினைக்காமல், மண்ணெண்ணெய் விற்றதையும் நினைப்போம். பணம் அனுப்பிய அந்தத் தமிழர்கள் செய்ததை, சன்னது வாங்கிக் கொடுத்த அந்த நீதிபதி செய்ததை, நம் ஊரில் ஒரே ஒருவருக்காவது நாமும் செய்வோம்.