தன்னைத் தேடிய தூரிகை

பாரிஸ் நகரில் 1934ஆம் ஆண்டு தீட்டப்பெற்ற எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்று. மேலாடையற்ற இளம்பெண் ஒருத்தி, காண்போரை நோக்காது அப்பால் எங்கோ பார்த்து நிற்கிறாள். பின்னே ஓர் ஆடவனின் நிழல் படிந்திருக்கிறது. டஹீட்டித் தீவுப் பெண்ணாகத் தம்மையே அவ்வாறு வரைந்துகொண்ட அம்ரிதா ஷேர்-கில் அத்தீவைக் கண்டவர் அல்லர். கோகனின் ஓவியங்களைக் கண்டவர். கீழ்த்திசைப் பெண்ணை ஐரோப்பா நோக்கிய பார்வையைத் தம் உடலின்மீதே ஏற்றிச் சோதித்த துணிவு இருபத்தொரு வயதில் எளிதன்று.

தாம் யார் என்னும் வினா அவருக்குப் பிறப்பிலேயே வாய்த்தது. 1913 சனவரி 30இல் புடாபெஸ்டில் பிறந்தார். தந்தை உம்ராவ் சிங் பஞ்சாபிச் சீக்கியர். வடமொழியும் பாரசீகமும் கற்றவர். புகைப்படக் கலையில் தோய்ந்தவர். தாய் அங்கேரியர், இசை பயின்றவர். 1921இல் குடும்பம் சிம்லாவுக்குக் குடிபெயர்ந்தது; 1929இல் ஓவியக் கல்விக்காகப் பாரிஸ் சென்றது. தங்கை இந்திராவை அமரவைத்து வரைந்த 'இளம் பெண்கள்' 1933இல் அங்கே தங்கப் பதக்கம் பெற்றது. பாரிஸ் ஆண்டுகளில் அவர் மீண்டும் மீண்டும் வரைந்தது தம் முகத்தையே.

1934 இறுதியில் இந்தியா திரும்பியபின் அம்முகம் அரிதாயிற்று. அஜந்தாவின் சுவரோவியங்களைக் கண்டு, கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவர்களைக் கண்டு, குமரிமுனைவரை வந்தார். சிம்லாவுக்கு மீண்டு 1937இல் தென்னாட்டு ஓவியங்கள் மூன்றைத் தீட்டினார். குளிர்மலையில் இருந்துகொண்டு வெயில்நாட்டை நினைவிலிருந்து மீட்டவை அவை. வெள்ளை ஆடையும் பூணூலுமாய் அமர்ந்திருக்கும் 'பிரம்மச்சாரிகள்' ஐவரிடம் கதை ஏதுமில்லை. நிறமும் அமைதியுமே உண்டு. இந்தியாவைக் கண்டெடுத்தவர் என்று அவரைப் புகழ்வது வழக்கம். தம்மை வரையாமலே தம்மைக் காட்டும் வழியை அவர் கண்டது இங்கேதான் என்பதே பொருத்தமாகும்.

1938இல் உறவினரான மருத்துவர் விக்டர் ஏகனை அங்கேரியில் மணந்தார். அவர் அங்கிருந்தபோது, சிம்லா வீட்டில் அவர் சேர்த்து வைத்திருந்த கடிதங்களைப் பெற்றோர் எரித்துவிட்டனர். நேரு எழுதியவையும் அவற்றுள் அடங்கும். மகளின் மானங்காக்க எண்ணிய செயலாக இருக்கலாம். மகளுக்கோ அது தம் வாழ்வின் ஒரு பகுதியே சாம்பலானது போலாயிற்று. கோரக்பூர் அருகே சரயாவில் சில ஆண்டுகள் வாழ்ந்தபின், 1941இல் லாகூருக்குக் குடியேறினார். அங்கே ஓவியக் காட்சிக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த நிலையில், டிசம்பர் 5 அன்று மறைந்தார். வயது இருபத்தெட்டு. இறப்பின் காரணம் ஐயத்துக்குரியதாகவே நின்றுவிட்டது.

தங்கை இந்திரா மணந்தது கே. வி. கே. சுந்தரம் என்னும் தமிழரை. அவர்கள் மகன் ஓவியர் விவான் சுந்தரம் (1943–2023) பெரியம்மாவைக் கண்டதில்லை; பாட்டனார் எடுத்த புகைப்படங்களில் கண்டார். 2001இல் அப்படங்களைக் கணினியில் ஒன்றோடொன்று இணைத்து, வெவ்வேறு காலத்து உறவினரை ஒரே சட்டத்துள் நிறுத்தினார்.