நூலகத் தந்தை சீ. இரா. அரங்கநாதன்

நூலகத் தந்தை எனப் போற்றப்பெறும் சீ. இரா. அரங்கநாதன் 1892ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் சீர்காழியில் பிறந்தார். கணிதம் பயின்று, மங்களூர், கோவை அரசுக் கல்லூரிகளிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் அதனையே பயிற்றுவித்தார். நூலகம் அவர் தேடிச் சென்ற துறையன்று. 1924 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றவர், அங்கு நிலவிய தனிமையைத் தாங்கமாட்டாது, சில நாள்களிலேயே வகுப்பறைக்குத் திரும்ப விழைந்தார். இலண்டன் சென்று பயின்று வந்தபின் முடிவு செய்யலாம் என்னும் இசைவின்பேரில் கப்பலேறினார்.

அப்பயணம் அவரை மாற்றியது. கிராய்டன் பொது நூலகம் உட்பட நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களை ஆங்குக் கண்டார். தொழிலாளரும் சிறுவரும் மகளிரும் தத்தம் பகுதியிலேயே நூல் பெற்றுச் சென்ற காட்சி அவர் நெஞ்சில் நிலைத்தது. 1925இல் தாயகம் திரும்பியவர் மீண்டும் வகுப்பறையை நாடவில்லை.

1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்ற முன்னின்றார். 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை நூலாக்கினார். வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் கிட்டவேண்டும், அவர்தம் காலம் வீணாகலாகாது என்னும் விதிகளிலேயே கிளை நூலகத்தின் தேவை அடங்கியுள்ளது. பத்துக் கல் நடந்துவர வேண்டிய உழவருக்கு நகரத்து மாளிகை நூலகத்தால் யாது பயன்? அவ்வாண்டே மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டி நூலகம் ஒன்று ஊர் ஊராய்ப் புறப்பட்டது.

ஆயினும், ஈகையை மட்டும் நம்பும் நூலகம் ஈவோர் காலத்தோடு முடிந்துவிடும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். எனவே சட்டமும் வரியும் வேண்டினார். 1930இல் காசி மாநாட்டில் மாதிரிச் சட்ட வரைவை முன்வைத்தார். பின்னர்ச் சென்னைச் சட்டமன்றம் சென்ற வரைவு நிறைவேறாது போயிற்று. 1945இல் அவர் சென்னையை விட்டு நீங்கினார். அவினாசிலிங்கம் செட்டியாரின் முயற்சியால் 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியபோது, அவர் தில்லிப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தார்.

சொத்துவரியோடு நூலக வரியும் பெற்று, நகரத்திலும் மாவட்டங்களிலும் நூலக ஆணைக்குழுக்கள் கிளைகளை அமைக்க அச்சட்டம் வழிவகுத்தது. பழனி மலையடிவாரத்து அய்யம்பாளையத்தில் செலுத்தப்படும் வீட்டுவரிக்கும் அந்தச் சிறு பங்கு உரியது. ஆதலால் கிளை நூலகத்துள் நுழையும் ஏழைச் சிறுவனும் எவர் தயவுமின்றி உரிமையோடு நுழைகிறான்.

தம் சேமிப்பிலிருந்து ஓரிலட்ச ரூபாயை, நூலக அறிவியல் பேராசிரியர் பதவி ஒன்றுக்கெனத் துணைவியார் சாரதாவின் பெயரால் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கிய அப்பெருமகனார், 1972 செப்டம்பர் 27இல் பெங்களூரில் மறைந்தார். விலை கொடுத்து வாங்க இயலாத நாளில், முதற் கவிதை நூலைக் கிளை நூலகத்து அலமாரியிலிருந்து எடுத்துப் படித்த கவிஞர் அனைவரும் அவருக்குக் கடன்பட்டவரே.