கலைச்செல்வம் காத்த ஆனந்த குமாரசுவாமி

பழம்பொருள்களைத் தேடிச் சேர்க்கும் ஆர்வம் மனிதர் பலருக்கும் இயல்பாக அமைந்த ஒன்றாகும். சிறுவர் தீப்பெட்டிப் படங்களையும் அஞ்சல் தலைகளையும் சேர்க்கின்றனர். வசதி படைத்தோர் ஓவியங்களையும் செப்புத் திருமேனிகளையும் சேர்க்கின்றனர். சேர்த்தவற்றைக் கண்டு மகிழ்வதோடும், விருந்தினருக்குக் காட்டிப் பெருமை கொள்வதோடும் பலருடைய ஆர்வம் நிறைவு பெற்றுவிடுகிறது. அப்பொருள்களைச் சிறிது காலம் காப்பதற்கே நாம் வாய்த்துள்ளோம் என்று உணர்ந்து வாழ்ந்தோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் கலைமேதை ஆனந்த குமாரசுவாமி. மிகுபொருள் விரும்பாமையை அறமாகப் போற்றும் நமக்கு அவருடைய வாழ்க்கை பெரிதும் சிந்தித்தற்குரியது.

1877ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 22ஆம் நாள் அவர் கொழும்பு நகரில் பிறந்தார். தந்தையார் சர் முத்து குமாரசுவாமி ஈழத் தமிழ்க் குடும்பம் ஒன்றில் தோன்றியவர். இங்கிலாந்தில் சட்டம் பயின்று வழக்குரைஞரானவர். இலங்கைச் சட்டசபை உறுப்பினராக விளங்கியவர். அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் ஆக்கியவர். இலங்கை வரலாற்றில் புகழ் பெற்ற பொன்னம்பலம் அருணாசலமும் இராமநாதனும் அவருடைய சகோதரியின் மக்கள். தாயார் எலிசபெத் ஆங்கிலேயப் பெண்மணி. மகனுக்கு இரண்டு வயது நிரம்பும் முன்பே, 1879இல், தந்தையார் காலமானார். ஆகவே குமாரசுவாமி தாயாரின் அரவணைப்பில் இங்கிலாந்திலேயே வளர்ந்தார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் கற்று 1900இல் பட்டம் பெற்றார்.

கலைக்கு அவர் வந்தது கற்களின் வழியாகவே எனலாம். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவள ஆய்வுத் துறையின் தலைவராக அவர் பணியாற்றினார். தோரியனைட் என்னும் கனிமம் வெளிப்பட்டதில் அவருக்கும் பங்கு உண்டு. கனிமங்களைத் தேடிச் சிற்றூர்தோறும் சென்றபோது அவர் கண்கள் வேறொன்றையும் கண்டன. கண்டிப் பகுதியில் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்துவந்த தச்சர், கொல்லர், நெசவாளர், ஓவியர் ஆகியோரின் கைத்திறன் போற்றுவாரின்றி அழிந்துகொண்டிருந்தது. இயந்திரச் சரக்குகள் வந்து குவியக் குவிய, வீட்டிலிருந்த அழகிய பண்டங்களை மக்களே விலை மதிப்பறியாது விற்றுவந்தனர். அந்த அழிவைக் கண்ட வருத்தமே அவரைக் கலை ஆராய்ச்சியாளராக்கியது. இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெருநூல் 1908இல் வெளிவந்தது. வில்லியம் மாரிஸ் முன்னர்ப் பயன்படுத்திய கையச்சுப் பொறியில் அந்நூல் 425 படிகளே அச்சிடப்பெற்றது.

அடுத்து அவருடைய நாட்டம் இந்தியாவின்பால் திரும்பியது. 1910-11இல் அலகாபாத்தில் நடைபெற்ற பெரும் பொருட்காட்சியில் கலைப் பகுதியின் பொறுப்பை ஏற்றார். அக்காலத்தில் வட இந்தியா எங்கும் சுற்றி, இராசபுதன ஓவியங்களையும் பஞ்சாப் மலைநாட்டு ஓவியங்களையும் தேடிச் சேர்த்தார். அந்நாளில் இவ்வோவியங்களை முகலாயர் ஓவியத்தின் ஒரு கிளையாகக் கருதிப் பலரும் ஒதுக்கிவிட்டனர். முழுமை பெற்ற ஓவியங்களை மட்டுமின்றி, ஓவியர் தம் தொழிலுக்காக வரைந்து வைத்திருந்த கோட்டுப் படங்களையும் அவர் தொகுத்தார். அவற்றை அருகருகே வைத்து ஒப்பிட்டு, இது தனக்கெனத் தனி மரபுடைய கலை என்பதை நிறுவினார். இராசபுதன ஓவியம் பற்றிய அவருடைய இரு தொகுதி நூல் 1916இல் வெளியாயிற்று. தனித்தனியே கிடந்தால் வெறும் படங்களாக இருந்திருப்பவை, ஒருவர் அறிவோடு சேர்த்தமையால் ஒரு வரலாறாயின.

நம் சமயக் கலையும் அவருடைய கவனத்திற்கு உரியதாயிற்று. சமணக் கலை பற்றி 1914இலேயே அவர் கட்டுரை எழுதினார். சுவேதாம்பர மரபினர் பர்யூஷண நாள்களில் ஓதும் கல்ப சூத்திரத்தின் ஓவியச் சுவடிகளை ஆராய்ந்தார். பகவான் மகாவீரரின் வரலாறும், திரிசலா தேவியார் கண்ட பதினான்கு கனவுகளும் அச்சுவடிகளில் வண்ணம் தீட்டப்பெற்றிருக்கும். பனையோலைக்கு மாறாகத் தாள் வழக்கத்திற்கு வந்த பின்னரும், ஓலையின் நீண்ட வடிவத்தை எழுத்தர்கள் விடவில்லை. கயிறு கோக்கும் துளை இருந்த இடத்தில் ஓர் அழகுப் புள்ளியை வரைந்தனர். இத்தகைய சுவடிகள் பல, இல்லறத்தார் பொருள் கொடுத்து எழுதுவித்துத் துறவியர்க்கு வழங்கிய சாத்திர தானங்கள் ஆகும். எழுதுவித்தவர் பெயரும் காலமும் பலவற்றின் இறுதியில் காணப்படுகின்றன. கன்னட நாட்டில் அத்திமப்பே அம்மையார் சாந்தி புராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கிய செய்தியும் நாம் அறிந்ததே. கொடுப்பதற்கென்றே செய்யப்பட்ட பொருள்கள் இவை. சேர்த்தவர் கையில் இவை நிலையாகத் தங்குவது எங்ஙனம் பொருந்தும்?

குமாரசுவாமியும் தம் தொகுப்பைத் தமக்கென வைத்துக்கொள்ள எண்ணவில்லை. காசி நகரில் ஒரு தேசியக் கலைக்கூடம் அமையுமாயின் அதற்கே அதனை அளிக்க முன்வந்தார். முன்வந்து ஏற்பார் எவருமில்லை.

இங்கே நம் பகுதியோடு தொடர்புடைய மற்றொரு தொகுப்பை நினைத்துப் பார்த்தல் தகும். தாம்பரத்திற்கு அண்மையிலுள்ள பல்லாவரத்தில், 1863 மே 30ஆம் நாள், இராபர்ட் புரூஸ் புட் என்னும் நிலவியலாளர் பழங்கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு அதனின்றே தொடங்கிற்று என்பர். அதன்பின் பல்லாண்டுகள் அவர் சேர்த்த கற்கருவிகளையும் மட்பாண்டங்களையும் சென்னை அரசு 1904இல் விலைக்கு வாங்கி எழும்பூர் அருங்காட்சியகத்தில் வைத்தது. அவர் எழுதிய விளக்கப் பட்டியலும் அவர் மறைந்த பின்னர் அச்சாயிற்று. இருவரும் நிலவியலாளர், இருவரும் தம் முயற்சியால் தொகுத்தவர். பல்லாவரத்துக் கல்லுக்கு எழும்பூரில் இடம் கிடைத்தது. இராசபுதன ஓவியத்திற்குக் காசியில் இடம் கிடைக்கவில்லை. ஏற்கும் கையும் காக்கும் இடமும் வாய்த்தமையே புட் தொகுப்பின் நற்பேறு.

1917இல் அமெரிக்கச் செல்வர் டென்மன் ராஸ் குமாரசுவாமியின் தொகுப்பை வாங்கிப் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திற்கு வழங்கினார். தொகுத்தவரும் அதனுடனேயே சென்றார். அங்கே இந்தியக் கலைப் பகுதியின் காப்பாளராக நியமிக்கப்பெற்று, தம் இறுதிக் காலம் வரை முப்பது ஆண்டுகள் பணிபுரிந்தார். விற்றுவிட்டோம், இனி நமக்கென்ன என்று அவர் இருந்துவிடவில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் அளவு, காலம், ஊர், பொருள் விளக்கம் ஆகியவற்றை எழுதிப் பட்டியல் தொகுதிகளை வெளியிட்டார். அவற்றுள் சமண ஓவியங்களுக்கும் சுவடிகளுக்கும் உரிய தனித் தொகுதி 1924இல் வெளிவந்தது. அத்துறையில் ஆராய்வோர்க்கு அது ஓர் அடிப்படை நூலாயிற்று.

நாட்டின் செல்வம் கடல் கடந்து போயிற்றே என்று வருந்துவோர் உண்டு. அவ்வருத்தம் நியாயமானதே. அவர் சென்ற மூன்றே ஆண்டுகளில், 1920இல், இராய் கிருஷ்ணதாசர் என்னும் பெருந்தகையார் முயற்சியால் காசியிலேயே பாரத கலா பவன் தோன்றியது. டில்லியில் தேசிய அருங்காட்சியகம் 1949இல் அமைந்தது. சிறிது காலம் முன்னரே நம்மவர் விழித்திருந்தால் அவ்வோவியங்கள் இங்கேயே இருந்திருக்கும். குற்றம் கொடுக்க வந்தவருடையதன்று. அதன் அருமையை உணராத அந்தக் காலத்தினுடையது.

முதுமையில் குமாரசுவாமியின் எண்ணம் மேலும் ஆழமாயிற்று. கலைப்பொருள்கள் கண்ணாடிப் பேழைக்குள் வைப்பதற்காகச் செய்யப்பட்டவையல்ல. வழிபாட்டிற்கும் வாழ்க்கைக்கும் பயன்படவே செய்யப்பட்டவை என்று அவர் வற்புறுத்தினார். அருங்காட்சியகத்திலேயே பணியாற்றிக்கொண்டு, அருங்காட்சியகம் எதற்காக என்ற வினாவை எழுப்பி எழுதினார். அழகைச் சுவைப்பதோடு நின்றுவிடாது, ஒரு பொருள் யாருக்காக, எந்தப் பயன் கருதிச் செய்யப்பட்டது என்பதைக் கற்பிப்பதே காப்போர் கடமை என்பது அவர் துணிபு. ஓய்வு பெற்றபின் இந்தியாவிற்குத் திரும்பி வாழ விரும்பிய அவர், நாடு விடுதலை பெற்ற சில வாரங்களில், 1947 செப்டம்பர் 9ஆம் நாள், அமெரிக்காவிலேயே இயற்கை எய்தினார். அப்போது அவருக்கு வயது 70.

வந்தவாசி, திண்டிவனம், ஆரணிப் பகுதிகளிலிருந்து குடிபெயர்ந்து இன்று தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் ஆகிய இடங்களில் வாழும் குடும்பங்களில் பாட்டனார் காலத்து ஏட்டுச்சுவடியோ, பூசைத் திருமேனியோ, பழைய படமோ இருத்தல் கூடும். இடமின்மையால் அவை பரண்மேல் ஏறுகின்றன. பின்னர் பழம்பொருள் வணிகர் கைக்குச் செல்கின்றன. தொல்பொருள்களை வெளிநாட்டிற்குக் கொண்டு செல்லுதலை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வீட்டுக்குள்ளேயே நேரும் மறதியை எந்தச் சட்டத்தால் தடுக்க இயலும்? அப்பொருள் எந்த ஊரிலிருந்து வந்தது, யார் எழுதியது, யார் வழிபட்டது என்பவற்றை முதியோர் உள்ளபோதே கேட்டு ஒரு தாளில் எழுதி, அப்பொருளுடன் வைத்தல் வேண்டும். காக்க இயலாதவர் அதனைக் காக்கவல்ல நூலகத்திடமோ, மடத்திடமோ, அருங்காட்சியகத்திடமோ முறைப்படி ஒப்படைத்தல் வேண்டும். அதுவும் சாத்திர தானமே ஆகும்.