கேடயம் இல்லாத முன்னோடி

தமிழ்ப்பள்ளி முடித்துத் தேசியப் பள்ளிக்குச் சென்ற நான், பாடநூலில் ராஃபிள்சைத்தான் அறிந்தேன். அவரது குலச்சின்னத்தில் இரட்டைத்தலைக் கழுகும், அச்சே சுல்தான் அளித்த விருதின் பதக்கங்களும் உண்டு. அவர் பெற்ற மரியாதைக்கு அவை சாட்சி.

1819 மே மாதம், அவருடன் பினாங்கிலிருந்து வந்தவர் நாராயண பிள்ளை. அவருக்குக் குலச்சின்னம் ஏது? செங்கல் சூளை வைத்தார்; துணிக்கடை நடத்தினார். 1822இல் கடை தீக்கிரையானது; கடனாளியானார். ராஃபிள்சின் உதவியுடன் மீண்டெழுந்தார். 1827இல் சவுத் பிரிட்ஜ் சாலையில், மரமும் அத்தாப்பும் கொண்டு மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பினார்.

பின்னர் அக்கோயிலின் கோபுரமே சைனாடவுனின் பகோடா ஸ்திரீட்டுக்குப் பெயர் தந்தது. ராஃபிள்சின் சின்னம் பெற்றதைச் சொல்கிறது. பிள்ளையின் கோபுரம் கொடுத்ததைச் சொல்கிறது. தமிழர்களே, அவ்வழியே செல்லும்போது ஒரு கணம் அண்ணாந்து பாருங்கள்!