வைரம் கண்ட வில்லியம்சன்

நவமணிகளுள் ஒன்றாகிய கோமேதகம் கார்னெட் என்னும் மணிக்குடும்பத்தைச் சேர்ந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள தான்சானியா நாட்டில் செம்மை, ஊதா, செம்மஞ்சள் முதலிய பல நிறக் கார்னெட் மணிகள் கிடைக்கின்றன. 1967-ஆம் ஆண்டில் பச்சை நிறக் கார்னெட்டும் அங்கே கண்டறியப்பெற்றது. இவ்வினத்துள் பைரோப் என்னும் கருஞ்செம்மணிக்குத் தனிச்சிறப்பு ஒன்றுண்டு. அது வைரத்திற்கு வழிகாட்டுவது. நிலத்தின் அடியாழத்திலிருந்து வைரத்தைச் சுமந்தெழுந்த கிம்பர்லைட் பாறை, இச்செம்மணிகளையும் இல்மனைட் என்னும் கருநிற மணிகளையும் உடன்கொணர்ந்தது. பாறை சிதைந்தபின் மழைநீர் இவற்றை நெடுந்தொலைவு பரப்பிற்று. ஆதலின் இவற்றின் சுவடு பற்றிச் செல்வோர் வைரம் தோன்றிய இடத்தை அடைதல் கூடும். அவ்வரிய தேடலில் வெற்றி கண்டவருள் ஒருவர் ஜான் வில்லியம்சன்.

அவர் 1907-ஆம் ஆண்டில் கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்தில் பிறந்தார். மெக்கில் பல்கலைக்கழகத்தில் நிலநூல் பயின்று டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் ஆப்பிரிக்கா சென்று, தான்சானியாவின் பெருநிலப் பகுதியாகிய தாங்கனிக்காவில் வைரம் தேடும் நிறுவனம் ஒன்றில் பணியாற்றினார். அந்நாட்டுச் சரளை மண்ணில் வைரங்கள் சில அகப்பட்டன; அவை தோன்றிய பாறையோ அகப்படவில்லை. நிறுவனத்தார் முயற்சியைக் கைவிட்டனர். வில்லியம்சன் கைவிட்டாரல்லர். சிதறிய வைரத்திற்குப் பிறப்பிடம் ஒன்று இருந்தே தீரும் என்று அவர் உறுதியாக நம்பினார்.

ஆண்டுகள் கழிந்தன. புதர்க்காடுகளில் மண்ணை வாரிச் சலித்தும் கழுவியும் ஆராய்ந்தார். கைப்பொருள் கரைந்தது, மலேரியாக் காய்ச்சல் உடலை வருத்தியது. அந்நிலையில் அவருக்குத் துணைநின்றவர், விக்டோரியா ஏரிக்கரையிலுள்ள முவான்சா நகரில் வழக்கறிஞராயிருந்த சோப்ரா என்னும் இந்தியர். வைரம் கிட்டுமா என்று எவரும் அறியாத காலத்தில் அவர் பொருளுதவி செய்தார்.

1940-ஆம் ஆண்டில், சின்யாங்கா நகருக்கு அண்மையிலுள்ள முவாதுயி என்னுமிடத்தில் வைரம் கிடைத்தது. முதற்கல் ஆனைப்புளி மரம் ஒன்றன் அடியில் கிடைத்ததென்பர். அங்கே மண்ணின் கீழ், ஏறத்தாழ 146 எக்டேர் பரப்புள்ள கிம்பர்லைட் பாறை மறைந்திருந்தது! உலகில் வைரம் தரும் பாறைகளுள் மிகப் பெரியவற்றுள் அஃது ஒன்றாகும்.

வறியவராயிருந்தவர் பெருஞ்செல்வரானார். எனினும் இடுக்கண் களைந்த நண்பரை அவர் மறந்திலர். சோப்ராவுக்குச் சுரங்கத்தில் பங்கு அளித்தார். சுரங்கத்தையொட்டித் தொழிலாளர் குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனை ஆகியன அமைந்த ஊரொன்றையும் உருவாக்கினார். உலக வைர வாணிகத்தைத் தம் பிடியில் வைத்திருந்தோர் சுரங்கத்தை விலைக்குக் கேட்டபோது, அவர் தம் வாழ்நாளில் அதனை விற்க இசையவில்லை. 1947-ஆம் ஆண்டில் அங்கே 54.5 காரட் எடையுள்ள இளஞ்சிவப்பு வைரம் ஒன்று கிடைத்தது. கிடைத்தற்கரிய அம்மணியை இங்கிலாந்து இளவரசி எலிசபெத்தின் திருமணப் பரிசாக வழங்கினார்.

செல்வம் அவருக்கு நீண்ட ஆயுளைத் தரவில்லை. தொண்டையில் தோன்றிய புற்றுநோயால், மணம்புரியாமல் வாழ்ந்த அப்பெரியார் 1958-ஆம் ஆண்டில், தம் ஐம்பதாம் வயதில் மறைந்தார்.

மாணவர்களே, பலர் மிதித்து நடந்த மண்ணிலேதான் அவ்வைரம் கிடந்தது. சிறுமணிகளின் குறிப்பை உணரும் கல்வியும், பிறர் கைவிட்ட இடத்தில் நிலைத்து நிற்கும் ஊக்கமும், வறுமையில் கைகொடுத்த நட்பும் ஒருங்கே கூடியபோது அது வெளிப்பட்டது. இம்மூன்றனுள் ஒன்று குறைந்திருப்பினும் முவாதுயி இன்னும் பல்லாண்டு புதர்க்காடாகவே இருந்திருத்தல் கூடும்.