பொக்கற்றுக்குள் ஒரு பெயர்: ஹென்றி டெரிஞ்சரின் கதை

எங்கள் ஒழுங்கைக்குள் தெரியாத ஆள் யாராவது வந்தால் அம்மா முதலில் முகத்தைப் பார்க்க மாட்டார். இடுப்பைத்தான் பார்ப்பார். சேட்டை வெளியே விட்டிருக்கிறானா, ஒரு பக்கம் புடைத்திருக்கிறதா, கை அடிக்கடி அந்தப் பக்கம் போய்வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படலையைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பார்.

2006 ஆம் ஆண்டு, எனக்குப் பதினான்கு வயது. சந்திக் கடைக்கு ஒருவன் சைக்கிளில் வந்து சோடா வாங்கிக் குடித்தான். மிச்சக் காசை வாங்கக் கையை நீட்டினான். பிறகு ஒரேயொரு வெடிச்சத்தம். கடைக்காரர் மேசையிலேயே சரிந்தார். வந்தவன் எந்தத் தரப்பு என்று ஊரில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள், யாரும் உரத்துச் சொல்லவில்லை. சுட்ட ஆயுதத்தைக் கண்டவர்கள் இல்லை. அது அவன் கைக்குள் அடங்கியிருந்தது.

செல், கிபிர், மல்ரிபரல் பற்றி நாங்கள் நிறையப் பேசியிருக்கிறோம், எழுதியிருக்கிறோம். அவற்றுக்குச் சத்தம் இருந்தது. சத்தம் கேட்டால் ஓடிப் பதுங்கப் பங்கர் இருந்தது. பொக்கற்றுக்குள் வருகிற துப்பாக்கிக்குப் பங்கர் இல்லை. அது சிரித்துக்கொண்டு வரும், சோடா கேட்கும். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்திருந்தேன். தேடிப் போனபோது, எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கிழவரின் வாழ்க்கையில் போய் நின்றேன். சட்டைப்பைக்குள் அடங்கும் சின்னத் துப்பாக்கிகளுக்கு இன்றும் அவருடைய பெயர்தான் பொதுப்பெயர்.

ஹென்றி டெரிஞ்சர் 1786 ஒக்ரோபர் 26 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஈஸ்டன் என்ற ஊரில் பிறந்தார். தகப்பன் ஜேர்மனியிலிருந்து குடியேறிய துப்பாக்கித் தொழிலாளி, பெயரும் அதே ஹென்றி. மகன் வேர்ஜினியாவின் ரிச்மண்ட் நகரில் தொழில் பழகினார். 1806 இல், இருபது வயதை எட்டும்போது, பிலடெல்பியாவில் சொந்தப் பட்டறை போட்டார். கடைசிவரை அந்த நகரை விட்டு அவர் போகவில்லை.

தொடக்கத்தில் அவர் செய்தவை நீளத் துப்பாக்கிகள். அமெரிக்க இராணுவத்துக்கு ஒப்பந்த அடிப்படையில் றைபிள்கள் செய்து கொடுத்தார். அரசாங்கத்தின் இன்னொரு கட்டளைக்கும் அவரது பட்டறை வேலை செய்தது. 1830 இல் அமெரிக்கா பூர்வகுடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அனுப்பும் சட்டத்தை நிறைவேற்றியது. அதே வருடம் சொக்டோ மக்களோடு எழுதிய உடன்படிக்கையில், ஊரை விட்டுப் போகும் ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு றைபிள் தரப்படும் என்று சேர்த்துக்கொண்டார்கள். தலைமுறை தலைமுறையாக இருந்த காணியை விட்டு, குளிரிலும் நோயிலும் பிள்ளைகளைப் புதைத்துக்கொண்டு நடந்த மக்களுக்கு அரசு கொடுத்த பொருட்களில் துப்பாக்கியும் ஒன்று. பூர்வகுடிகளுக்கென்று அரசு வாங்கிய றைபிள்களில் பல டெரிஞ்சரின் பட்டறையில் செய்யப்பட்டவை. இதை வாசித்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். இடம்பெயர்ந்தவர்களின் கையில் கொடுக்கப்படும் நிவாரணப் பொதியில் என்னென்ன இருக்கும் என்று எங்களுக்கும் தெரியும்.

ஆனால் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது நீளத் துப்பாக்கி அல்ல. பழைய துப்பாக்கிகளில் கல் உரசிப் பறக்கும் பொறிதான் மருந்தைப் பற்றவைக்கும். ஈரம் பட்டால் வேலை செய்யாது, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாகங்கள் துணியில் மாட்டும். பிறகு, தட்டினால் வெடிக்கும் மருந்தை வைத்த சின்னஞ்சிறு செப்பு மூடி வந்தது. சுத்தியல் அதன்மேல் விழுந்தால் போதும். பொக்கற்றுக்குள் துப்பாக்கியை நம்பி வைத்திருக்க வழி பிறந்தது அப்போதுதான். டெரிஞ்சர் அந்த வழியைப் பிடித்துக்கொண்டார். வோல்நட் மரப் பிடி, வெள்ளி நிறத்தில் மின்னும் உலோக அலங்காரம், குட்டையான குழல், அதற்குப் பொருந்தாத பருமனில் ஈயச் சன்னம்.

ஒரு தடவை சுட்டால் முடிந்தது. மறுபடி மருந்து இட்டு, சன்னத்தை வாய்வழியாக இறுக்கி, மூடி வைக்க வேண்டும். அதனால் சோடியாகவே விற்றார்கள். சில அடி தூரத்துக்கு அப்பால் குறி நிச்சயமில்லை. எதிரில் இருப்பவன் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். அந்தத் தூரத்துக்கு ஒருவனை விடுவது அவன்மேல் சந்தேகம் இல்லாதபோது மட்டும்தான். சந்திக் கடையில் சோடாப் போத்தலும் மிச்சக் காசும் எதற்கு என்று எனக்கு விளங்கியது இந்த இடத்தில்தான்.

1848 இல் கலிபோர்னியாவில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு சனம் அள்ளுண்டு போனது. முன்பின் தெரியாதவர்கள் ஒன்றாகத் தங்கிய, பொலிஸ் என்று சொல்லப் பெரிதாக எதுவும் இல்லாத ஊர்களில் டெரிஞ்சரின் துப்பாக்கி நன்றாக விற்றது. சூதாடிகள், வியாபாரிகள், அரசியல்வாதிகள், தனியே பயணம் செய்த பெண்கள் எனப் பலரும் வைத்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் யாரையும் கொல்ல வாங்கவில்லை. பயத்தில்தான் வாங்கினார்கள். ஆனால் அடுத்தவன் பொக்கற்றில் என்ன இருக்கிறது என்று தெரியாத ஊரில், ஒருவனின் பாதுகாப்பு இன்னொருவனின் பயமாகிவிடும். இந்தச் சிக்கல் அவர்களுக்கும் தெரிந்திருந்தது. கென்டக்கி, லூசியானா ஆகிய மாநிலங்கள் 1813 இலேயே மறைத்து ஆயுதம் கொண்டுசெல்வதற்கு எதிராகச் சட்டம் போட்டன. தோளில் தெரியத் தெரியக் கொண்டுபோகும் துப்பாக்கி அவர்களுக்குப் பிரச்சினையாகத் தெரியவில்லை. ஒளித்து வைப்பதுதான் பிரச்சினை.

1865 ஏப்ரல் 14, பெரிய வெள்ளி. வொஷிங்டனில் போர்ட் அரங்கில் ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் மனைவியோடு நகைச்சுவை நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு வருட உள்நாட்டுப் போர் முடிவுக்கு வந்துகொண்டிருந்த நாட்கள். ஜோன் வில்க்ஸ் பூத் பெயர்பெற்ற நடிகன். அந்த அரங்கில் அவன் எங்கே நடந்தாலும் யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள். பின்புறமாக மேல் மாடத்துக்குள் நுழைந்து, தலைக்கு மிக அருகில் வைத்து ஒரு தடவை சுட்டான். கையில் இருந்தது டெரிஞ்சர். அடுத்த வெடி அதில் இல்லாததால் அதைப் போட்டுவிட்டுக் கத்தியை எடுத்தான். மறுநாள் காலை லிங்கன் இறந்தார். ஆறு அங்குலமும் இல்லாத அந்தத் துப்பாக்கி மாடத்தின் தரையில் கிடந்து கண்டெடுக்கப்பட்டது. இன்று அதே அரங்கின் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. நான் படத்தில்தான் பார்த்தேன். என் உள்ளங்கையை விரித்து அளந்து பார்த்தேன், மூடினால் பெரும்பகுதி மறைந்துவிடும்.

எங்கள் தீவிலும் இதே கதை உண்டு. 1959 செப்ரெம்பரில் கொழும்பில் பிரதமர் பண்டாரநாயக்க தன் வீட்டுக்கு வந்த பிக்குவை வணங்கி வரவேற்றபோது, காவி உடைக்குள் ஒளித்திருந்த றிவோல்வர் வெளியே வந்தது. 1975 யூலை 27 அன்று பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோவிலடியில் யாழ்ப்பாண மேயர் துரையப்பா சுடப்பட்டார். அந்த அரசியலைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கும், அது வேறு கட்டுரை. சுட்டவர்கள் கிட்டப் போக முடிந்தது என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறேன்.

லிங்கன் இறந்தபோது டெரிஞ்சருக்கு 78 வயது. அந்த வயதில் அவர் தன் பெயருக்காக நீதிமன்றத்தில் நின்றுகொண்டிருந்தார். தன் சின்னத் துப்பாக்கிக்கு அவர் காப்புரிமை எடுக்கவே இல்லை. அவருக்கு இருந்த ஒரே காப்பு, இரும்பில் பொறித்த தன் பெயரும் பிலடெல்பியா என்ற ஊர்ப்பெயரும்தான். போலிகள் அதையும் அப்படியே பொறித்து விற்றன. அவரிடம் வேலை பழகியவர்களே போலி செய்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் போலிகளை விற்ற பிளேட் என்ற வியாபாரிமீது அவர் போட்ட வழக்கில், 1865 இல் கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வர்த்தகப் பெயர் உரிமை பற்றிய சட்டத்தில் அது பேர்போன வழக்கு.

வழக்கில் வென்றார், பெயரை மீட்க முடியவில்லை. கொலையைப் பற்றி எழுதிய பத்திரிகைகள் அவரது பெயரில் ஆங்கில ஆர் எழுத்தை இரண்டாக்கி எழுதின. அந்தப் பிழையான எழுத்துத்தான் அகராதியில் நிலைத்தது. 1868 இல், 81 வயதில், பிலடெல்பியாவில் அவர் இறந்தார். அதற்குள் வேறு கம்பனிகள் அந்தப் பெயரிலேயே சின்னத் துப்பாக்கிகளைச் செய்யத் தொடங்கியிருந்தன. ரெமிங்டன் நிறுவனம் 1866 இல் தொடங்கிய இரட்டைக் குழல் வகை 1935 வரை விற்பனையில் இருந்தது.

தன் பெயர் எல்லோர் கண்ணிலும் பட வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க இரும்பில் பொறித்தவர் அவர். அவர் செய்த பொருளோ, கொண்டுவருபவனின் நோக்கத்தைக் கடைசி நொடி வரை மறைத்து வைத்தது. எங்கள் சந்திக் கடைக்காரரைச் சுட்டது எந்தக் கம்பனியின் துப்பாக்கி என்று விசாரித்துச் சொல்ல ஒருவரும் வரவில்லை. சுட்டவனின் பெயரும் எங்கும் பதியப்படவில்லை. கடைக்காரரின் மனைவி வருடா வருடம் திவசம் செய்கிறார், அவ்வளவுதான்.

போன கிழமை பொதி கொண்டுவந்த தம்பி ஒருவன் படலையில் நின்று கூப்பிட்டான். போர் முடிந்த வருடத்தில் அவன் பாலர் பாடசாலைக்குப் போயிருப்பான். அம்மா வாசலில் நின்று அவன் இடுப்பைப் பார்த்தார். பெல்ற்றில் போன் உறை ஒன்று தொங்கியது. அதை அவன் கையால் தொட்டதும் அம்மா ஒரு அடி பின்னால் வைத்தார். அவன் போனை எடுத்து, கையெழுத்து வைக்கச் சொல்லி நீட்டினான்.